தரையில் விழுந்த பிறைகள்

ருவான்வெல்லை,
2020 ஆகஸ்ட் 2.

அன்புள்ள தர்மிளாவுக்கு,

நான் போன் எடுத்தால் வைத்துவிடுகிறாய். “போன்ல பேசினா நீங்கதான் ஜெயிப்பீங்க. சொல்றத எழுதி அனுப்புங்க” என்று ஒரே ஒரு மெசேஜ் போட்டாய். சரி, எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் உனக்குக் கடிதம் எழுதியதில்லை. இப்போது ஒரு பிள்ளைக்குத் தகப்பனான பிறகு எழுத வேண்டியிருக்கிறது.

இங்கே ரப்பர் காய் வெடிக்கிற காலம். வெயில் ஏறியதும் மலை முழுக்கப் பட் பட்டென்று சத்தம். வெடிக்கிற வேகத்தில் விதை நாற்பது ஐம்பது அடி தள்ளிப் போய் விழும். தாய் மரத்தின் நிழலிலேயே விழுந்தால் கன்று தலையெடுக்காது, அதனால்தான் அந்த ஏற்பாடு. நம் வீட்டுத் தகரத்தில் விழும்போதெல்லாம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன். ஏமாந்த பிறகும் அடுத்த தரம் போகிறேன்.

வெள்ளிக் கிரகத்தைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? அது தன்னைத்தானே ஒரு தரம் சுற்றி முடிப்பதற்குள் சூரியனையே ஒரு தரம் சுற்றி வந்துவிடும். வருஷம் முடிந்துவிடும், சுற்று முடியாது. முன்பு இதை வேலை செய்கிற ரப்பர் ஸ்டோரில் சொல்லிச் சிரிப்போம். இப்போது வேலை விட்டு வந்து தனியாகச் சோறாக்கித் தனியாகச் சாப்பிடும்போது அது எப்படி இருக்கும் என்று விளங்குகிறது. மீசையில் பருக்கை ஒட்டியிருந்தாலும் சொல்ல ஆள் இல்லை. அப்படியே ஸ்டோருக்குப் போய், ரப்பர் சீட் ஏற்ற வந்த லொறிக்காரர் பாறூக் நானா சிரித்த பிறகுதான் தெரிந்தது. “ரொக்கட்டு, இன்னைக்கு வானத்துல என்னா விசேஷம்?” என்று பையன்கள் வழக்கம்போலப் பட்டப்பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

நடந்ததைப் பற்றி. நீ நாலு மாசமாக இருக்கும்போது, டிசம்பரில் கிரகணத்தன்று ரப்பர் பால் வெட்டப் போனாய். நான்தான் போகச் சொன்னேன். கிரகணம் என்பது நிலாவின் நிழல், நிழல் யாரையும் வெட்டாது என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். நிலானி பிளந்த உதட்டோடு பிறந்ததும் தோட்டத்து லயத்துச் சனம் எல்லாம், “புள்ளத்தாச்சி கிரகணத்துல கத்தி புடிச்சா ஒதடு வெட்டுப்படாம என்னா செய்யும்” என்று உன்னைத்தான் ஏசியது. பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் விருந்தில் நான் வாயைத் திறந்தது உனக்காகத்தான். அதற்குப் போய் மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனால் நான் என்ன செய்வது?

திரும்பி வா.

ரொபர்ட்

•

பெல்மதுளை,
2020 ஆகஸ்ட் 15.

நிலானியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அதில் ரப்பர் விதை இருக்கிறது, வெள்ளிக் கிரகம் இருக்கிறது. பிள்ளை பால் குடிக்கிறதா என்று ஒரு வரி இல்லை.

குடிக்கிறாள். உறிஞ்ச வராது என்று உங்களுக்குத் தெரியும். கரவனெல்ல ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி காட்டித் தந்தபடி, கறந்து சின்னக் கோப்பையில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன். உதட்டோரமாக வழியும். துடைத்துவிட்டு மறுபடியும் விட வேண்டும். ஒரு நேரத்துப் பால் முடிவதற்குள் அடுத்த நேரம் வந்துவிடும். மலை முழுக்க வெட்டின பாலை ஒரு சொட்டுச் சிந்தாமல் வாளியில் சுமந்து வந்தவள் நான். இந்த ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதற்குள் பாதியைச் சிந்திவிட்டு உட்கார்ந்து அழுகிறேன்.

எனக்காகப் பேசினீர்களாம். என்ன பேசினீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லையே, ஏன்? நான் எழுதுகிறேன். வந்த சனம் அத்தனைக்கும் முன்னால், “கிரகணமும் இல்ல ஒண்ணும் இல்ல. இவளோட மாமா இருளப்பனுக்கு ஒதடு எப்படி இருந்துச்சு? இது இவங்க ரத்தத்துல வர்றது” என்றீர்கள். அம்மா அப்போது கையில் பாயாச வாளியோடு நின்றார்.

இருளப்பன் மாமாவை உங்களுக்குப் படத்தில்தான் தெரியும். அவர் அம்மாவின் தம்பி. தாய் செத்த பிறகு அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தார். அந்தக் காலத்தில் ஒப்பரேஷன் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசுவார். பொண்ணு கேட்டுப் போன இடத்தில் எல்லாம் சிரித்தார்கள். கடைசி வரைக்கும் தனி ஆளாகவே கிடந்து செத்தார். அவர் செத்த பிறகும் அந்தக் கையை விலக்கி எல்லோருக்கும் காட்டியது நீங்கள்தான்.

அந்தக் கிரகணக் காலையை நான் மறக்கவில்லை. பத்து மணியிருக்கும், பால் எடுக்கிற நேரம். வெளிச்சம் மங்கிப் போயிருந்தது. ஸ்டோரிலிருந்து ஓடி வந்து, “கீழ பாரு, கீழ பாரு” என்றீர்கள். ரப்பர் இலை இடுக்கு வழியாக விழுந்த வெயில் எல்லாம் தரையில் குட்டிக் குட்டிப் பிறையாகக் கிடந்தது. ஒவ்வொரு இடுக்கும் ஒரு கேமரா என்றீர்கள். என் கையைப் பிடித்து இழுத்து, பிறை என் வயிற்றின் மேல் விழுகிற மாதிரி நிறுத்தி, “புள்ளைக்கு நெலா காட்டுறேன்” என்றீர்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் ராத்திரியில் எழும்பி உட்கார்ந்துவிடுகிறேன். அந்தப் பிறையும் நிலானியின் உதட்டில் இருக்கிற வெட்டும் ஒரே வடிவம். நிழல் வெட்டாது என்று நீங்கள் சொல்லலாம். நான் ஒரு நாளைக்கு எத்தனை தரம் அதைப் பார்க்கிறேன் தெரியுமா?

அம்மாவிடம், மாமாவைச் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். அதுவரைக்கும் இங்கே வர வேண்டாம்.

தர்மிளா

•

ருவான்வெல்லை,
2020 ஆகஸ்ட் 24.

அன்புள்ள தர்மிளாவுக்கு,

பால் விஷயத்தை நான் கேட்டிருக்க வேண்டும். உன் பால் கத்தி கதவுக்கு மேலே செருகினபடியே இருக்கிறது. துருப் பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைக்கிறேன்.

அத்தையிடம் வருத்தம் என்று சொல்ல எனக்கு ஆட்சேபணை இல்லை. தப்பு என்று எப்படிச் சொல்வது? இது பரம்பரையில் வருவது உண்டு. நான் வாசித்திருக்கிறேன். உன் பக்கத்தில் ஒருவருக்கு இருந்தது, என் பக்கத்தில் யாருக்கும் இல்லை. கூட்டிப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு நிலானிக்கு நான் எதைச் சொல்லிக் கொடுப்பேன்?

நீ இருக்கிற பெல்மதுளைப் பக்கம் மாணிக்கக் குழி தோண்டுகிறார்கள் இல்லையா, அதில் எடுக்கிற கற்கள் உண்டானபோது உலகத்தில் எங்கேயும் ஒரு பூகூடப் பூத்திருக்கவில்லை. அவ்வளவு பழசு. அதை வாளியால் அள்ளிக் கழுவிக்கொண்டு இருக்கிறார்கள். குழிப் பக்கம் பிள்ளையோடு போகாதே, மண் சரியும்.

இன்னொன்று. நிலா ஒவ்வொரு வருஷமும் நம்மை விட்டு ஒன்றரை அங்குலம் தள்ளிப் போகிறதாம். கை நகம் வளர்கிற வேகம்தான். அதனால் யாருக்கும் தெரிவதில்லை. நேற்று நகம் வெட்டும்போது, நீ போன பிறகு எத்தனை தரம் வெட்டியிருப்பேன் என்று யோசித்தேன். அதற்கு மேல் வெட்டப் பிடிக்கவில்லை.

பிள்ளையின் படம் ஒன்றாவது அனுப்பு.

ரொபர்ட்

•

பெல்மதுளை,
2020 செப்டெம்பர் 9.

நிலானியின் அப்பாவுக்கு,

படம் அனுப்ப மாட்டேன். ஸ்டோரில் நாலு பேர் பார்ப்பார்கள்.

நேற்று இரத்தினபுரி கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டு போனேன். பஸ்ஸில் துணியால் முகத்தை மூடித்தான் வைத்திருந்தேன். கொரோனா என்று எல்லோரும் மூக்கையும் வாயையும் மூடியிருந்ததால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இந்த நோயால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

அங்கே ஒரு பெண் டாக்டர், எல்லோருக்கும் டாக்டர் நோனா. சிங்களத்தில் பேசினாலும் எனக்கு ஒவ்வொன்றாக விளங்க வைத்தார். நீங்கள் இதுவரைக்கும் எனக்குச் சொன்ன அதிசயம் எல்லாவற்றையும் விட இது பெரிது, கேளுங்கள். வயிற்றில் இருக்கும்போது மனுஷனுக்கு முகம் ஒரே துண்டாக உண்டாவதில்லையாம். இரண்டு பக்கத்திலிருந்தும் துண்டு துண்டாக வளர்ந்து வந்து நடுவில் ஒட்டிக்கொள்ளுமாம். மூக்குக்குக் கீழே உங்களுக்கும் எனக்கும் தோட்டத் துரைக்கும் இருக்கிற அந்தப் பள்ளம், ஒட்டினபோது விழுந்த அடையாளமாம். சில பிள்ளைகளுக்கு ஒட்டாமல் நின்றுவிடும். இதெல்லாம் நடப்பது இரண்டாம் மாசத்திலேயே. எனக்குக் கிரகணம் வந்தது நாலாம் மாசம். நான் கத்தியைப் பிடிக்கிறதுக்கு எத்தனையோ நாள் முந்தியே அவள் உதடு அப்படி ஆகிவிட்டது.

ஆகவே கிரகணத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. சந்தோஷமா?

எதனால் வருகிறது என்று கேட்டேன். சில குடும்பத்தில் வருமாம், நிறையப் பேருக்கு எதனால் என்று அவர்களுக்கே தெரியாதாம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஓயாகெ வெரத்தக் நெமெயி” என்றார். உன் குற்றம் இல்லை என்று. பிள்ளை பிறந்த நாளிலிருந்து அதை எனக்குச் சொன்ன முதல் ஆள் அந்த நோனாதான். நீங்கள் கிரகணத்தின் குற்றம் இல்லை என்றுதான் சொன்னீர்கள்.

ஒப்பரேஷன் செய்து ஆறின பிள்ளைகளின் படங்களைக் காட்டினார். மூக்குத் துவாரத்தின் கீழிருந்து உதடு வரைக்கும் ஒரு மெல்லிய கோடு, உதட்டு ஓரம் ஒரு சின்ன மேடு. அந்தப் படத்தை நோனாவிடம் திரும்பவும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்தக் கோட்டை நான் விரலால் தடவியிருக்கிறேன். உங்கள் மீசைக்குக் கீழே, இடது பக்கம். சின்ன வயதில் பால் டின்னில் விழுந்த தழும்பு என்று சொன்னீர்கள்.

வானத்தில் இருக்கிறதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒரு தரம் கண்ணாடியில் பாருங்கள்.

தர்மிளா

•

ருவான்வெல்லை,
2020 செப்டெம்பர் 15.

தர்மிளா,

பால் டின்னில்தான் விழுந்தேன். அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். டின்னின் விளிம்பு வெட்டி, ஆறு தையல். உன் அம்மா சொல்லிக் கொடுத்து இப்படி எழுதுகிறாயா? நான் ஒன்று சொன்னேன் என்பதற்காகப் பதிலுக்கு ஒன்று கட்ட வேண்டாம்.

ரொபர்ட்

•

ருவான்வெல்லை,
2020 செப்டெம்பர் 29.

அன்புள்ள தர்மிளாவுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாறூக் நானாவின் லொறியில் ஏறி யட்டியந்தோட்டைக்கு, அக்கா வீட்டில் இருக்கிற அம்மாவிடம் போனேன். அம்மா பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, மீசையை விரலால் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். “பால் டின்னுடா” என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கொட்டை முழுவதும் உரித்து முடிகிற வரைக்கும் நானும் கூட இருந்து உரித்தேன்.

பிறகு அவராகவே சொன்னார். “ஒன்னைய வயித்துல வச்சிக்கிட்டு பெரிய வெள்ளிக்கிழமையன்னைக்கு பலாக்காய் வெட்டுனேன். வெட்டலன்னா அன்னைக்கு ஒலையில போட ஒண்ணும் இல்ல. ஆண்டவர் செத்த நாள்ல கத்தி புடிச்சா, அதான் புள்ளைக்கு ஒதடு கிழிஞ்சிருச்சுன்னு ஒங்கப்பாவைப் பெத்தவளே சொன்னா. கோயில்ல யாரும் எம் பக்கத்துல ஒக்கார மாட்டாங்க. கொழும்புல ஒப்பரேஷன் செஞ்சு ஒன்னையத் தூக்கிட்டு வந்த கையோட பழைய ஊரை விட்டுட்டு ருவான்வெல்லைக்கு வந்துட்டோம். அங்க வந்துதான் பால் டின்னுன்னு சொன்னேன். ஒனக்கு எப்போ மீசை மொளைக்கும்னு எத்தனை வருஷம் பாத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா?”

முப்பத்தொன்றுக்கு நீங்களும் இருந்தீர்களே அம்மா, எல்லோரும் தர்மிளாவை ஏசும்போது ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். “திரும்பவும் எல்லாரும் என்னையப் பாப்பாங்கன்னு பயந்துட்டேன்டா” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு வயது எழுபது ஆகிறது, இன்னும் பயப்படுகிறார்.

உனக்குக் கிரகணம், அம்மாவுக்குப் பலாக்காய். இரண்டு பேரும் கத்தி பிடித்தது வயிற்றுப் பாட்டுக்கு. சனத்துக்கு ஒரு கத்தி கிடைத்தால் போதும் போலிருக்கிறது. நானும் அந்தச் சனத்தில் ஒருவன்தான், கொஞ்சம் வாசித்தவன் என்பதால் ரத்தம் என்று சொன்னேன்.

இதற்குக் கீழே எழுதுவதை அத்தைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு.

அத்தை, இருளப்பன் மாமாவை நான் சபையில் இழுத்தது தப்பு. உண்மையாக இருந்தாலும் தப்பு, இப்போது பார்த்தால் அது முழு உண்மையும் இல்லை. எனக்கும் அவருக்கும் ஒரே உதடு. என் தகப்பனுக்கு யாரோ ஒருவர் ஒப்பரேஷன் என்று சொன்னார், அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். நான் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, பத்துப் பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று அவரைக் காட்டினேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

தர்மிளா, உன் குற்றம் இல்லை. இதை முதல் நாளே, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குப் பேச்சு அதிகமாகும், உனக்குத் தெரியும்.

இரண்டு நாளாக வீட்டுத் தகரத்தில் விதை விழவில்லை. காலம் முடிந்துவிட்டது. சத்தம் இல்லாமல் இன்னும் மோசமாக இருக்கிறது.

ரொபர்ட்

•

பெல்மதுளை,
2020 ஒக்டோபர் 10.

அன்புள்ள ரொக்கட்டுக்கு,

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு விறகுக்குப் போய்விட்டார். பொழுது இறங்கித்தான் வந்தார். கட்டை இறக்கி வைத்துவிட்டு, “இருளப்பனுக்கு மீசையே ஒழுங்கா மொளைக்கல. மொளைச்சிருந்தா அவனும் மறைச்சிக்கிட்டு நாலு பேரோட இருந்திருப்பான்” என்றார். அப்புறம் முகம் கழுவிவிட்டு வந்து, “வரச் சொல்லு” என்றார்.

ஆனால் இப்போது வழியில்லை. கொரோனா திரும்பவும் வந்துவிட்டதே. இருபதாம் திகதி நிலானிக்கு ஒப்பரேஷன். போதிய அளவு எடை போட்டுவிட்டாளாம். எப்படிப் போட்டாள் என்று எனக்கும் அந்தக் கோப்பைக்கும்தான் தெரியும். பிள்ளையோடு ஒரு ஆள்தான் உள்ளே நிற்கலாம், வேறு யாரையும் விட மாட்டார்களாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மயக்க ஊசி போட்டால் பிள்ளை எழும்புமா? டாக்டர் நோனா ஆயிரம் சொன்னாலும் பயம் போகவில்லை. ஏதாவது அதிசயம் இருந்தால் எழுதுங்கள். தூரத்தில் இருக்கிற எதையாவது. வாசித்துக்கொண்டு இருப்பேன்.

தர்மிளா

•

இரத்தினபுரி, ஆஸ்பத்திரி வாசல்,
2020 ஒக்டோபர் 20.

அன்புள்ள தர்மிளாவுக்கு,

கடிதம் தபாலில் போனால் உனக்கு எப்போது கிடைக்குமோ என்று நானே கொண்டு வந்துவிட்டேன். பாறூக் நானா வழியில் இரண்டு பொலிஸ் சோதனையைச் சமாளித்துக் கொண்டு வந்து விட்டார். வாசலில் இருக்கிற செக்யூரிட்டி நல்ல மனுஷன். உள்ளே விட முடியாது, எழுதின துண்டு கொடுத்தால் வார்டுக்கு அனுப்புகிறேன் என்றார்.

அதிசயம் கேட்டாய். எட்டுக்கால் மீன், ஒக்டோபஸ் என்பார்கள், கணவாய் மாதிரி இருக்குமே, அதற்கு மூன்று இதயம். நீந்தும்போது அதில் ஒன்று நின்றுவிடும். நீந்தி முடிந்ததும் தானாகத் திரும்ப அடிக்கத் தொடங்கும். அது அப்படித்தான் உயிரோடு இருக்கிறது. நிலானி தூங்கிவிட்டு எழும்புவாள்.

இன்னொரு அதிசயம், நான் மீசையை எடுத்துவிட்டேன். பதினெட்டு வயதுக்குப் பிறகு இன்றைக்குத்தான் என் மேலுதட்டில் காற்றுப் படுகிறது. உனக்குக் காட்டலாம் என்று எடுத்தேன். ஆனால் பார், இந்த ஊரில் மாஸ்க் இல்லாமல் நின்றால் பிடித்துக்கொண்டு போவான். எடுத்தும் ஒருவருக்கும் தெரியவில்லை.

வாசலுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பழக்கடை இருக்கிறது. நாலு மணிக்கு அதற்கு முன்னால் நிற்பேன். ஜன்னல் பக்கம் வர முடிந்தால் வா. மாஸ்க்கை இறக்குவேன். தண்டம் போட்டால் கட்டிக்கொள்ளலாம்.

ரொபர்ட்

•

இரத்தினபுரி, வார்டு,
2020 ஒக்டோபர் 22.

என் ரொக்கட்டுக்கு,

நிலானி எழும்பிவிட்டாள். எழும்பினதும் அழுதாள் பாருங்கள், அழுகைச் சத்தமே மாறியிருக்கிறது. உதடு வீங்கிப்போய், நடுவில் நூல் நூலாக இருக்கிறது. ஆனால் சேர்ந்திருக்கிறது. நேற்றுப் பாலில் கொஞ்சம்தான் சிந்தியது.

அன்று நாலு மணிக்கு நான் ஜன்னலில்தான் இருந்தேன். மூன்றாம் மாடி. ரோட்டில் நின்ற எல்லோருக்கும் பாதி முகம்தான் இருந்தது. பழக்கடைக்கு முன்னால் ஒரு ஆள் மட்டும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ ஒரு பையன் என்று முதலில் நினைத்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மா, “எயா கவுத?” என்று கேட்டாள். அது யார் என்று. “மகே மஹத்தயா” என்றேன். என் வீட்டுக்காரர் என்று சொல்லி எத்தனை மாசம்.

அவ்வளவு உயரத்திலிருந்து தழும்பு தெரியவில்லை. நீங்கள் நின்றது மட்டும் தெரிந்தது. நான் கை காட்டினேன், நீங்கள் வேறு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். மழை பிடித்த பிறகும் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கண்ணாடியைத் தட்டினேன், கேட்குமா? நீங்கள் திரும்பிப் போகிற வரைக்கும் நின்று பார்த்தேன்.

நாளைக்கு ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி எங்களை அம்மா வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ருவான்வெல்லைப் பக்கமும் ரோடு மூடப் போகிறார்கள் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். மூடினால் எப்போது திறப்பார்களோ தெரியாது. திறந்த அன்றைக்கு நாங்கள் வருகிறோம். அம்மாவும் கூட வருவாராம். உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து வையுங்கள்.

அதுவரைக்கும் மீசை வளர்க்க வேண்டாம். நிலானி நூலைப் பிடித்து இழுத்துவிடுவாள் என்று இரண்டு கையையும் துணியால் சுற்றி வைத்திருக்கிறார்கள். அவிழ்த்துவிட்டால் யார் முகம் கிட்ட வந்தாலும் மூக்குக்குக் கீழேதான் பிடிப்பாள், அது அவள் பழக்கம். நீங்கள் கிட்ட வரும்போதும் பிடிக்கட்டும்.

தர்மிளா